தோவாளையில் திறந்து வைத்த காற்றுவழி

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து போனில் பேசும்போது நீ இரண்டு காரியம் சொன்னாய். "வண்டிய வித்துருங்கப்பா" என்பது ஒன்று. "ஷீபா அவளுக்க வீட்டுல சொல்லுகபடி வேற வாழ்க்கை பாத்துக்கிடட்டும், நான் குறுக்க நிக்கமாட்டேன். இஞ்ச கான்ட்ராக்ட நீட்டிட்டேன், இப்பம் வரமாட்டேன்" என்பது இன்னொன்று. நான் இரண்டுக்கும் செரி செரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுக்களையிலிருந்து உன் அம்மை ஓடி வந்து, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "அங்க மழையே இல்லையாம்" என்றேன். அவளுக்கு நான் மறைக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் கேட்காமல் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். கருங்கல் ஒர்க்‌ஷாப்பில் என் குரல் சந்தை வரைக்கும் கேட்கும் என்று நீயே கேலி செய்வாய். பேச ஆரம்பித்தால் சத்தம் போட்டுவிடுவேன், அப்புறம் நீ போனை எடுக்கவே மாட்டாய். வாட்ஸப்பில் எழுதினால் படித்துவிட்டாய் என்று காட்டும், பதில் வராது. கண்ணில் புரை வேறு விழுந்திருக்கிறது, அறுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்னால் என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முழுதாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததற்கு அந்த வண்டியின் புகைதான் காரணம், வண்டியை நேரத்துக்குச் சரி பண்ணாத நீதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை, "நான்தாம்ப்பா கொன்னுட்டேன்" என்று சொன்னாய். அதற்குப் பிறகு என்னிடமும் சொல்லவில்லை, ஷீபாவிடமும் சொல்லவில்லை. அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாய், வண்டியை என் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடினாய், விமானம் ஏறிவிட்டாய். அன்றைக்கு நீ சொன்ன அந்த ஒரு பேச்சுக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். இத்தனை காலம் ஏன் பதில் சொல்லவில்லை என்றால், தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நீ சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அந்த வண்டி வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கம்பெனி வேலை உனக்கு நிரந்தரமான கையோடு வாங்கினாய். டர்போ டீசல் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். "ஏலே, நீ வேலை பாக்கதே காத்தாடிக்குக் கீழ. எதுக்கு வண்டிக்குள்ளயும் ஒரு காத்தாடி?" என்று நான் கேலி பண்ணினேன். நீ பானெட்டைத் தூக்கி எனக்கே பாடம் நடத்தினாய். எஞ்சின் வெளியே தள்ளும் சூட்டுப் புகை வீணாகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளுகிறது, அதனால் இழுவை கூடுகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். இதெல்லாம் தெரிந்த கதைதான் என்றாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ பேசுவதைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது. ஷீபா பக்கத்தில் நின்று, "மாமா, இவிய பேசி முடிக்கதுக்குள்ள வண்டிக்கு வயசாயிரும்" என்றாள். அன்றைக்கு நாம் எல்லாரும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நாகர்கோவிலில் வாடகை வீடு. அவளுக்குத் தோவாளைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை, உனக்கு அதையும் தாண்டி ஆரல்வாய்மொழியில். தினமும் காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவீர்கள். தோவாளை பூச்சந்தை வந்ததும் அவள் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, வெளிக்காற்று உள்ளே வருவதற்கான அந்தச் சின்ன லீவரைத் தள்ளிவிடுவாளாம். பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் அந்த வாசனை வண்டி முழுக்க நிறையும். ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் தூசி, அதனால் காற்றுவழியைத் திறப்பது. வயிற்றில் பிள்ளை உண்டான பிறகு ஏ.சி.க் காற்றே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது. அதற்கப்புறம் அந்த லீவர் எப்போதும் திறந்தே இருந்தது. இதை அவளே ஒரு நாள் எங்களிடம் சொன்னாள். "பிள்ள பூவாசத்துல வளருகு அத்தை" என்று உன் அம்மையிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். ஆராதனை முடிந்து கருங்கல்லுக்குச் சாப்பிட வந்தீர்கள். வண்டி மதியம் முழுக்க மாமர நிழலில் நின்று நன்றாக ஆறிவிட்டது. சாயங்காலம் நீ சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பக்கம் ஒரு சத்தம், நாக்கால் உச்சுக் கொட்டுவது போல. என் காதைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு. "ஏலே, நிறுத்து. புகை எங்கயோ விடுது. வண்டிய இஞ்சயே விட்டுட்டுப் போ" என்றேன். "கொஞ்ச தூரம் ஓடினா சத்தம் நின்னுரும்ப்பா" என்றாய். "நின்னா செரியாயிட்டுன்னு யாரு சொன்னா? இரும்பு சூடாகி வீங்கும், இடைவெளி அடைஞ்சுக்கிடும். ஆறினா மறுபடியும் வாயத் திறக்கும்" என்று சொன்னேன். நீ என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாக, "அப்பா, வண்டி இல்லன்னா இவ இந்த வயித்தத் தூக்கிட்டு பஸ்ல நின்னுட்டுப் போணும். காலைல அந்தக் கூட்டம் எப்பிடி இருக்கும்னு பாத்துருக்கியளா? பள்ளிக்கூடம் லீவு விடட்டும், நானே கொண்டாந்து விடுகேன்" என்றாய். நானும் செரி என்றுதான் சொன்னேன். இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் பெண்டாட்டி மேல் பிரியம் உள்ள எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். கூட்டத்தில் யார் முழங்கையாவது அவள் வயிற்றில் பட்டுவிடுமோ என்று பயந்து நீ வண்டியை விடாமல் வைத்திருந்தாய். அந்தப் பயத்துக்குத்தான் நீ உனக்கே இப்படி ஒரு தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

போன ஞாயிறு நீ போன் பண்ணினாய் அல்லவா, மறுநாள் காலை தார்ப்பாயை எடுத்தேன். விற்பதென்றால் சரி பண்ணித்தானே விற்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களை வேறு வண்டிகளுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகவே நின்றேன். பாட்டரி செத்துக் கிடந்தது, வேறொன்றை மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். அதே சத்தம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சின் பக்கமாக மெல்ல நகர்த்தினேன். எஞ்சினின் புகைவாய்களை ஒன்றாகச் சேர்க்கும் இரும்புக் குழாய் இருக்கிறதே, மேனிஃபோல்டு, அது எஞ்சினோடு சேரும் இடம் அமைதியாக இருந்தது. அதிலிருந்து டர்போவுக்குப் போகும் மூட்டுக்கு வந்ததும் காதில் அறைந்த மாதிரி கேட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மூட்டின் பின்பக்கம் கன்னங்கரேலென்று கரி, விசிறி போல மேல்பக்கமாகப் படிந்திருந்தது.

காது ஏமாற்றலாம், கரியும் பழைய கரியாக இருக்கலாம். அதனால் வண்டி முழுக்க ஆறும்வரை காத்திருந்தேன். சீட் சுத்தம் பண்ணும் வேக்குவம் கிளீனரில் காற்று வெளியே வரும் பக்கத்துக் குழாயைச் சைலன்சர் வாயில் சொருகித் துணியைச் சுற்றி அடைத்தேன். சோப்புத் தண்ணீரை அந்த மூட்டில் தெளித்தேன். மூன்று பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் மட்டும் குமிழி கிளம்பிக் கிளம்பி உடைந்தது. கழற்றிப் பார்த்தபோது அந்த மூலையில் இருந்த ஸ்டட், மூட்டை இறுக்கிப் பிடிக்கும் அந்தத் திருகுக் கம்பி, பாதியில் முறிந்திருந்தது. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி இழுபட்டு முறிந்தது. பிடிப்பு போனதும் இரண்டு இரும்புக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் தகடு அந்த இடத்தில் அரித்துப்போய், விரல் நகம் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. வண்டி இழுவை குறைந்திருக்கிறது, முன்னால் போகிற லாரியைத் தாண்ட மூச்சு வாங்குகிறது என்று நீ அப்போது சொன்னாயே, டர்போவைச் சுற்ற வேண்டிய புகை அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம்.

அந்த ஓட்டைக்கு நேர் மேலே, பானெட்டின் பின்விளிம்பில், கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்றை வண்டிக்குள் இழுக்கும் சல்லடை இருக்கிறது. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் ஊதுபத்தி வாங்கி வந்தேன். சபைக்குப் போகிற வேதக்காரக் கிழவனுக்கு எதற்கு ஊதுபத்தி என்று கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். எஞ்சினை ஓடவிடாமல், ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த ஓட்டை இருந்த இடத்தில் கம்பியில் செருகிவைத்தேன். பானெட்டை இறக்கினேன். உள்ளே உட்கார்ந்து கதவுகளைச் சாத்தி, காற்றடிக்கும் ஃபேனைப் போட்டேன். முதலில் லீவரை மூடி வைத்தேன், ஒன்றும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆண்டவரே, திறந்தாலும் வரக்கூடாது என்று ஜெபம் பண்ணினேன். அப்புறம் லீவரைத் திறந்தேன்.

வந்தது, மக்களே. ஊதுபத்தி வாசனை வந்தது.

உன்னிடம் பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். நான் சொன்னால் நீ நம்புவாய், வண்டி விஷயத்தில் நீ என் பேச்சைத் தட்டியதே இல்லை. புகை உள்ளே வரவே வழியில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் வருவது ஓடும் வண்டியில் அப்படியே வராது, காற்றோட்டம் மாறும் என்று சொல்லலாம். டீசல் புகையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத விஷவாயு பெட்ரோல் புகையை விடக் குறைவு என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு நீயே பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்தச் சல்லடை உன் கண்ணில் படும். அப்புறம் நான் சொன்ன வேறெதையும் நீ நம்பமாட்டாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். கொஞ்சம் புகை உள்ளே வந்திருக்கிறது. ஷீபா கரிந்த வாடை அடிக்கிறது என்று சொன்னபோது, கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிப் புகை என்று நீ சொன்னாயாம், அது தப்பு. அந்தச் சாலையில் போகிற எவனும் முதலில் லாரியைத்தான் சொல்வான், ஆனாலும் தப்பு.

இதோடு நான் விட்டிருந்தால் எனக்கும் பைத்தியம் பிடித்திருக்கும். கழற்றிய கேஸ்கட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். ஷீபாவுக்குப் பார்த்த டாக்டரம்மாவின் அறை வாசலில் கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்திருப்பார்கள். உள்ளே போய் மேஜை மேல் கேஸ்கட்டை வைத்து, ஓட்டையைக் காட்டி, ஊதுபத்தி வரைக்கும் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அய்யா, அன்னைக்கே உங்க மகன்கிட்ட சொன்னேன். தொப்புள்கொடியில முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. என் கையால தொட்டுப் பார்த்தேன். பிள்ளை புரளும்போது அப்படி விழும், அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். "அப்பம் இந்தப் புகை?" என்று கேட்டேன். "புகை யாருக்கும் நல்லதில்லை. ஆனா உங்க பேத்தி போனது முடிச்சாலதான். அவர் நான் சொன்னதைக் காதிலேயே வாங்கல. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சிட்டார்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேனா துக்கத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்த பிறகுதான் கேஸ்கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் வாங்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு வேலையில் கை ஓடியது. எப்படிச் சரி பண்ணினேன் என்றும் எழுதிவிடுகிறேன், நீ கேட்பாய். முறிந்த ஸ்டட்டை எடுப்பதுதான் பெரிய பாடு. நீ என்றால் முரட்டுத்தனமாகத் திருகி மிச்சத்தையும் உள்ளேயே ஒடித்திருப்பாய். எண்ணெய் விட்டு ஊறவைத்தேன், மறுநாளும் ஊறவைத்தேன். துருத்திக்கொண்டிருந்த துண்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் வைத்தேன். அந்தச் சூட்டிலேயே துரு இளகியது. பைய முன்னும் பின்னும் அசைத்தேன், முனகிக்கொண்டே வந்தது. மற்ற ஸ்டட்டுகளும் கிழண்டுபோனவைதான், எல்லாவற்றையும் மாற்றினேன். மேனிஃபோல்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மூலையில் வெளிச்சம் தெரிந்தது, சூட்டில் வளைந்திருக்கிறது. குழித்துறைக்குக் கொண்டுபோய் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கினேன். வளைந்த முகத்தில் எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் மறுபடியும் விடும். பழைய கேஸ்கட்டைத் தட்டி நிமிர்த்திப் போடுகிற கள்ளத்தனமும் கூடாது, ஒரு தடவை நசுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. புதுசைப் போட்டு, ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இதையெல்லாம் குடும்ப வாழ்க்கையோடு சேர்த்து நான் உனக்குப் பிரசங்கம் பண்ணப்போவதில்லை. அதற்குச் சபையில் ஆள் இருக்கிறார். நான் சொல்வது கேஸ்கட்டைப் பற்றி மட்டும்தான்.

ஷீபாவுக்குத் தகவல் சொல்லாமல் வண்டியை விற்க எனக்கு இஷ்டமில்லை. அவள் சாமான் சில உள்ளே கிடந்தது, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போன் பண்ணினேன். சனிக்கிழமை காலை தனியாகவே பஸ்ஸில் வந்தாள். மெலிந்து போயிருக்கிறாள். உன் அம்மை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் நான் வண்டியைச் சூடாக்கி ஆறவைத்து ஸ்டட்டுகளை மறுபடியும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டிருந்தேன். ஷீபா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டுக்குள் இருந்த அவள் துப்பட்டாவையும் பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனாக்களையும் எடுத்தாள். பிறகு அந்த லீவரின் மேல் விரலை வைத்தாள்.

"மாமா, நான்தான் இதைத் தெறந்து வச்சேன்" என்றாள்.

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். உன்னைப் பற்றித்தான் அவள் பேச ஆரம்பித்தாள். "அவிய வேண்டாம்னாவ. வாடை வருகு, அடைச்சிரு பிள்ளேன்னு ரெண்டு மட்டம் சொன்னாவ. எனக்குத்தான் பூவாசம் வேணும்னு அடம்பிடிச்சேன். அவியளுக்கு என்மேல தேஷ்யம், தீராத கோவம். அதாக்கும் ஒரு வார்த்தையும் பேசாம போனாவ. எங்க அம்மா வேற கல்யாணம் அது இதுன்னு சொல்லுகாவ. நான் வாயத் திறக்கல்ல. எனக்கு என்ன யோக்கியதை இருக்கு மாமா?" என்று சொல்லிக்கொண்டே போனாள். நீ அங்கே பாலைவனத்தில் உட்கார்ந்து உன்னால்தான் என்று நினைக்கிறாய், இவள் இங்கே அம்மா வீட்டு மூலையில் உட்கார்ந்து தன்னால்தான் என்று நினைக்கிறாள். அடுத்தவர் தன்னை வெறுக்கிறார் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். படித்த பிள்ளைகள்தானே நீங்கள்? ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கக் கூடாதா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளிடம் காட்ட முடியுமா? அவள் தலையைத் தடவிவிட்டு, ஓட்டையையும் ஊதுபத்தியையும் டாக்டரம்மா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். நீ வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையும் சொன்னேன். நீ என்னை நம்பிச் சொன்னது அது, இனி மறைப்பதில் அர்த்தமில்லை.

அவள் நீ சொன்னதைக் கேட்டுத்தான் அழுதாள். "அவியளா? அவிய அப்பிடியா நினைச்சாவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கொடியில் முடிச்சு விழுந்தது தனக்கும் தெரியும், டாக்டரம்மா தன்னிடமும் சொன்னார், ஆனால் இரவெல்லாம் மனசு கேட்பதில்லை என்றாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுலதானே மாமா பிள்ளைய கொண்டு போனிய?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அன்றைக்கு அவள் மயக்கம் தெளிவதற்குள் அவள் அம்மாவும் மற்றப் பெண்களும், பெத்தவள் பார்க்கக் கூடாது, பார்த்தால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லித் துணியில் சுற்றி நம் கையில் கொடுத்துவிட்டார்கள். கருங்கல் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் வண்டியை ஓட்டினேன். நீ பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வில்லுக்குறி தாண்டும்போது நீ துணியை விலக்கியது எனக்குத் தெரியும். கண்ணாடியில் உன் குனிந்த தலை தெரிந்தது. கருங்கல் வரும்வரை நீ தலையை நிமிர்த்தவே இல்லை. நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன், மக்களே. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அந்த வண்டியை என்னால் ஓட்டியிருக்க முடியாது. குழியருகே நீ மூடித்தான் கொடுத்தாய். நான் மூடியபடியே இறக்கினேன்.

ஷீபா என்னிடம் கேட்டாள். "மாமா, எனக்க பிள்ளைக்கு முடி இருந்துதா? மூக்கு யார மாதிரி இருந்து? நான் யார்ட்டயும் கேக்க முடியல்ல. கேட்டா மறந்திரு மறந்திருன்னு சொல்லுகாவ. பாக்காத முகத்த எப்பிடி மாமா மறக்கது?"

இந்த வயதுவரை எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல இவ்வளவு வெட்கமாக எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எனக்குத் தெரியாது பிள்ளே, மடியில் வைத்துத் துணியை விலக்கிப் பார்த்தது அவன்தான் என்றேன். "அப்பம் அவிய ஒரு ஆளுதான் மடியில வச்சுப் பாத்திருக்காவ, இல்லியா?" என்றாள். பிறகு, "போன்ல சொல்லாண்டாம்னு சொல்லுங்க மாமா. நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள். நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். எடுத்துப் போக வந்த சாமானை மறுபடியும் டேஷ்போர்டுக்குள்ளேயே வைத்துவிட்டுத்தான் போனாள்.

வண்டியை விற்பதும் வைப்பதும் உன் இஷ்டம், கான்ட்ராக்டும் உன் இஷ்டம். உன் வாழ்க்கையை நான் வாழ முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை மடியில் வைத்துப் பார்த்தது இந்தப் பூமியில் நீ ஒருவன்தான். அதைப் பெற்றவள் இன்னும் பார்க்கவில்லை. வந்து அவளுக்குச் சொல்லு, மக்களே. சொல்லும்போது எங்கள் இரண்டு பேரையும் ஒரு ஓரமாக இருந்து கேட்க விடுவாயா என்று உன் அம்மை உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

உன் அப்பா